சத்தம் மட்டும் வந்த கட்டம்

சாவு வீட்டில் செயின் திருட்டுப் போகும், செருப்பு திருட்டுப் போகும். போன வருஷம் மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பிணத்தின் மூக்குத்தியே காணாமல் போனது. அதை நாங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தோம். ஆனால் பெற்றவளின் முகமே திருட்டுப் போய்விட்டது, எடுத்தது யாரென்று சொல்லுங்கள் என்று ஒரு பெண் வந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

வந்து என்றால் நேரில் இல்லை. மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் வந்தாள். பெயர் செம்மொழி. தஞ்சாவூர் கீழவாசலில் மருந்துக்கடை மாடியில் இருக்கிற எங்கள் ஆபீஸில், லேப்டாப்பை மேஜைமேல் வைத்துக்கொண்டு நானும் ஆனந்தவல்லி அக்காவும் அவள் எதிரே உட்கார்ந்திருந்தோம். அக்கா இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளைம்களைத் துருவிப் பிடித்துவிட்டு, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு துப்பறிய வந்தவர். நான் பஞ்சநதம். கார் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, தப்பான ஆளைச் சந்தேகப்படுவது ஆகிய மூன்றும் என் பொறுப்பு.

செம்மொழியின் அம்மா ரெங்கம்மாள் இந்த மாத ஆரம்பத்தில் இறந்துபோனார். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் நெடுவாக்கரை அவர்கள் ஊர். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் பார்ப்பதற்காக அண்ணன் இளம்பரிதி லைவ் ஏற்பாடு செய்திருந்தார். திரையில் கட்டம் கட்டமாக ஆட்கள். அதில் ஒரு கட்டம் செம்மொழியுடையது.

"ஐஸ் பெட்டி மேல முழுக்க மாலைங்க மேடம். மொகமே தெரியல. குளிப்பாட்டி வெளியில வைப்பாங்கல்ல, அப்பப் பாத்துக்கலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். வெளியில கொண்டாந்து வெச்சாங்க. துணிய வெலக்கப் போனாங்க. அவ்வளவுதான், எனக்குப் படம் இருட்டாயிடுச்சு. சத்தம் மட்டும் வந்துச்சு."

"நெட் போயிருக்கும்மா," என்றேன்.

"நெட் போனா சத்தமும்தானே சார் போவும்? எனக்கு எல்லாம் கேட்டுச்சு. வாய்க்கரிசி போட வாங்கன்னு கூப்புட்டது கேட்டுச்சு. மக கோடி எங்கப்பா, இது யாரு கோடின்னு யாரோ கேட்டாங்க. ஒருத்தரும் பதில் சொல்லல. எங்கம்மா, மக போத்துற கோடிப் பொடவை இல்லாமலே போயிட்டாங்க. தூக்கிட்டுப் போனப்புறம் படம் திரும்பி வந்துச்சு. வெறும் பெஞ்சும் கீழ சிந்துன பூவும்தான் இருந்துச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மத்தவங்களுக்கும் இருட்டாச்சா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லங்க. சிங்கப்பூர்ல பெரியப்பா வீட்டு அக்கா மெசேஜ் போட்டிருந்தா. சித்தி மொகம் தூங்குற மாதிரியே இருந்துச்சுன்னு." போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எங்கண்ணன் எங்கிட்டப் பேசி மூணு வருஷமாச்சு. நான் ஜாஹித்தைக் கட்டிக்கிட்டதிலேருந்து. அவருதான் செஞ்சாருன்னா சொல்லிடுங்க மேடம். நாளன்னைக்குக் கருமாதி. நான் வரல. இனிமே அந்த வாசல மிதிக்க மாட்டேன். அம்மாவோட அண்ணனும் போயிட்டாருன்னு நெனச்சுக்கறேன்."

"சாவுக்கு ஏம்மா நேர்ல வரல?"

"டிக்கெட் கெடைக்கல."

அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோனபோது கணவன் ஜாஹித் திரைக்கு வந்தான். மெலிந்த, சாதுவான முகம். "பாஸ்போர்ட்டப் புதுப்பிக்கக் குடுத்திருந்தோம் மேடம், அதான் வர முடியல. ரொம்ப ஒடைஞ்சு போயிட்டா. எப்படியாவது கண்டுபுடிச்சுச் சொல்லுங்க," என்றான்.

லேப்டாப்பை மூடியதும் நான் சிரித்தேன். "டிக்கெட்டா பாஸ்போர்ட்டாக்கா? எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். மாமனார் கூப்புட்டா நான் வெளியூர்ல இருக்கேம்பேன், அவ அவரு உள்ள தூங்குறாரும்பா."

"நீ பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரியும் பஞ்சு. இதுங்க ரெண்டும் பொய் சொல்லிப் பழகாத மூஞ்சி. அதான் எனக்கு இடிக்குது," என்றார் அக்கா.

மறுநாள் காலையில் திருத்துறைப்பூண்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரபுவின் ஸ்டூடியோ. 'காதுகுத்து முதல் கருமாதி வரை நேரலை' என்று போர்டு. கொரோனா காலத்தில் கற்றுக்கொண்ட தொழில் என்றான். சென்னையில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வீடியோ மீட்டிங் நடத்துகிற பெட்டி ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கிறான்.

"பழைய கேமராவும் அதுல வரும், புது டிவியும் வரும், போனும் வரும். எல்லாத்தையும் கலந்து கட்டம் கட்டமாக் குடுக்கும். ஆனா உள்ள இடம் அளவாத்தான் இருக்கு மேடம். பெரிய டிவியில பாக்குறவங்களுக்கு நாலு இடம் வேணும், லேப்டாப்புக்கு ரெண்டு, போனுக்கு ஒண்ணு. இடம் தீந்துடுச்சுன்னா பொட்டி அதுவாவே ஒருத்தருக்குப் படத்த நிறுத்திட்டு சத்தத்த மட்டும் விடும். அந்த அக்காவுக்கு அதான் ஆச்சு. சிங்கப்பூர் டிவி உள்ள வந்துச்சு, இடம் பத்தல."

"அப்ப பொட்டிதான் குத்தவாளி. பொட்டிய எப்படிக்கா கூண்டுல ஏத்துறது?" என்றேன் நான். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இடம் பத்தலன்னா பொட்டி யாரை நிறுத்தும் பிரபு?"

"கடைசியா வந்தவங்கள."

"அன்னைக்குக் கடைசியா வந்தது யாரு?"

"சிங்கப்பூர்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"செம்மொழி?"

"விடியக்காத்தாலயே வந்துட்டாங்க. அவங்கதான் மொத ஆளு."

"எதுல பாத்தா? டிவியா?"

"போன்தாங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டவுன் பஸ்ல நாலு பேரு ஒக்கார இடம் வேணும். நீ ஒருத்தர மட்டும் எழுப்பி விட்டா பத்துமா? செம்மொழி எந்திரிச்சு ஒரு இடம் காலியாச்சு. அதுல யாரும் வந்து ஒக்காரல. மொத ஆளா வந்தவள, யாருக்கும் பிரயோஜனம் இல்லாம, பொட்டி எழுப்பி விட்டுச்சு. சரி, பொட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னே வெச்சுக்குவோம். பாடையத் தூக்குனதும் படம் திரும்பி வந்துச்சே, பாடை கெளம்புனது பொட்டிக்கு எப்படித் தெரியும்?"

பிரபு தலையைச் சொறிந்தான். அவன் நல்லவன்தான், கெட்டவனாக இருந்தால் இன்னும் இரண்டு பொய்யாவது கைவசம் வைத்திருப்பான்.

"இளம்பரிதி சார் சொன்னாருங்க. நான் தோளத் தட்டுறப்ப அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் படத்த நிறுத்துன்னாரு. ஆனா சத்தத்துல கை வெக்காத, ஒரு வார்த்தகூட அவளுக்கு விட்டுப்போகக் கூடாதுன்னாரு. கேட்டா பொட்டி மேல பழியப் போட்டுடுன்னாரு. ரெக்கார்டிங்கயும் அவரே பென்டிரைவ்ல வாங்கி வெச்சுக்கிட்டாரு."

"அந்தப் பொண்ணு நம்பர ஒனக்குக் குடுத்தது யாரு?"

"அவருதான். மொத லிங்கே அவங்களுக்குத்தான் அனுப்பச் சொன்னாரு."

 கூப்பிட்டு உட்காரவைத்து, இலை போட்டு, சோறு வைக்காமல் எழுப்பிவிட்ட மாதிரி அல்லவா இருக்கிறது. "முடிஞ்சுதுக்கா. அண்ணன்தான். போன் போட்டுச் சொல்லிட்டு வழியில ஒரு எடத்துல சாப்புட்டுப் போயிடலாம்."

"பஞ்சு, பிடிக்காதவ மூஞ்சில கதவச் சாத்துறவன் ஜன்னல ஏன் தொறந்து வெக்கிறான்?" அக்கா எழுந்தார். "பொட்டி எங்கப்பா இருக்கு?"

"அவங்க வீட்டுலதாங்க. கருமாதிக்கும் லைவ் இருக்குல்ல."

"நீயும் வண்டில ஏறு."

அறுவடை நேரம். நெடுவாக்கரை ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூட்டைகள் ஈரத்தோடு அடுக்கிக் கிடந்தன. ஈரப்பதம் குறைந்தால்தான் எடுப்பார்களாம். அறுவடை மிஷின் ஒன்று எதிரே வந்ததால் காரை ஓரம்கட்டி நின்றோம். பின்சீட்டில் பிரபு, ரெங்கம்மாள் இந்த ஊரில் நடவு நட்ட கையால் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். மகன் கணக்கு வாத்தியார். மகள் நர்ஸ். மகன் சம்பளத்தில் அவர்களே இப்போது நாலு மா நிலம் வாங்கிச் சாகுபடி பண்ணுகிறார்கள்.

வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பந்தலில் ஒரு பெரிய டிவி, அதன் பக்கத்தில் பிரபுவின் பெட்டி. இளம்பரிதி மொட்டைத் தலையோடு, கறுத்த கண்களோடு வெளியே வந்தார். அக்கா யார் என்று சொன்னதும் மறுக்கவே இல்லை.

"ஆமாங்க. நாந்தான் நிறுத்தச் சொன்னேன். அவளுக்குச் சொல்லிக்குங்க."

"ஏன்னு கேப்பா."

"அது எங்க வீட்டு விஷயம்."

"அவ கருமாதிக்கு வர மாட்டேங்குறா. அண்ணனே இல்லன்னு முடிவு பண்ணிட்டா."

அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வரலன்னா வேணாம். ஒடம்ப மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க," என்றார்.

திட்டுவார், கத்துவார் என்று தயாராக வந்த எனக்கு இந்தப் பதில் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. அக்காவின் கண் ஒரு தடவை சுருங்கி விரிந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். போனவர் சீக்கிரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ரெங்கம்மாள் கடைசி நாட்களில் நோயாகப் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில், டிரங்குப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெட்டிமேல் பழைய பருத்திப் புடவையைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்து, அழகாக மடித்து வைத்திருந்தது. அதன்மேல் நூலில் கோத்த வசம்பு.

"ஒங்க பையன் என்ன படிக்கிறான் சார்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா வெளியே வந்தார்.

"ஒம்பதாவது."

"வேற கொழந்தைங்க?"

"இல்லைங்க."

"அப்ப அந்த இடுப்புத்துணியெல்லாம் யாருக்கு? வசம்பு யார் கையில கட்ட?" அக்காவின் குரல் தணிந்தது. "படுத்த படுக்கையா கெடந்த மனுஷி ஒக்காந்து கிழிச்சு வெச்சிருக்காங்க. மாசமா இருக்குறவ பொணத்தப் பாக்கக் கூடாதும்பாங்க. இல்லையா சார்?"

இளம்பரிதி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவைக் கிடத்தியிருந்த அதே பெஞ்சுதான் என்று நினைக்கிறேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்தப்புறம் அம்மா எங்கிட்ட ஒக்காருன்னாங்க. பாப்பா முழுகாம இருக்கா, எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கா, மூணு மாசம் முடியாம வெளியில சொல்லக் கூடாது, நீயும் வாயத் தொறக்காதன்னாங்க. பாப்பான்னா செம்மொழி. வீட்டுல அப்படித்தான் கூப்புடுவோம். அம்மா அதோட விடல, நான் போயிட்டா எம் மொகத்த அவ பாத்துடக் கூடாது, வயித்துப் புள்ளைக்கு ஆகாது. ஆனா அவ இல்லாம என்னத் தூக்கிடாத, சத்தமாவது அவ காதுல விழட்டும்னு சொன்னாங்க. கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

"நீங்க கணக்கு வாத்தியார். இதையெல்லாம் நம்புறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ நம்புறியான்னு அம்மா கேக்கலையே சார்."

இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

"தங்கச்சிகிட்ட இதச் சொல்லியிருக்கலாமே," என்றார் அக்கா.

"சொன்னா, விஷயம் எனக்குத் தெரியும்னு ஆயிடும். அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்கன்னு அவ நெனச்சுட்டா? அது அவ வாயால சொல்ல வேண்டிய சேதிங்க. புள்ள பொறக்கட்டும், அப்புறம் ரெக்கார்டிங்க அனுப்பலாம்னு வெச்சிருக்கேன். அதுவரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். கேஸ் முடியும்போது மட்டும் வரும் சிரிப்பு அது. எனக்கும் மனசு லேசாகிவிட்டது. மூன்று வருஷப் பிணக்கு இன்றைக்கு உடைந்துவிடும், ராத்திரிச் சாப்பாடு இந்த வீட்டில்தான் என்றுகூட நினைத்தேன்.

"பிரபு, செம்மொழியக் கூப்புடு," என்றார் அக்கா. இளம்பரிதி கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. "நீங்க சொல்ல வேணாம். சத்தியம் பண்ணுனது நீங்கதானே, நான் இல்லையே."

பந்தல் டிவியில் கட்டங்கள் வந்தன. ஒன்றில் சிங்கப்பூர் வீட்டின் காலிச் சோபா. கருமாதிக்காக டெஸ்டிங் பார்க்க இணைத்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் செம்மொழி, பின்னால் ஜாஹித். அண்ணன் கேமராவுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தோளைத் தட்டியது, சத்தத்தில் கை வைக்காதே என்றது, இடுப்புத்துணி, சத்தியம். "ஒன் வயித்துப் புள்ளைக்காகத்தாம்மா ஒங்கண்ணன் அந்தப் படத்த மறைச்சாரு. வெறுப்புல இல்ல," என்று முடித்தார்.

 ஜாஹித் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்காவின் சிரிப்பு அப்போதே அணைந்துவிட்டது. என்னைவிட ஒரு நொடி முந்தி அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இப்ப இல்லைங்க மேடம்," என்றாள் செம்மொழி.

பந்தல் ஓரத்தில் நின்ற இளம்பரிதி திரையை நோக்கித் திரும்பினார்.

"அம்மா போறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அம்மா செத்த சேதி வந்தப்ப நான் இங்க ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். ரத்தம் நிக்கல, ப்ளைட்ல ஏறக் கூடாதுன்னுட்டாங்க. டிக்கெட், பாஸ்போர்ட்டு எல்லாம் சும்மா சொன்னது. படுக்கையிலேருந்துதான் லைவ் பாத்தேன்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

கேட்டது இளம்பரிதி. எப்போது கேமராவுக்கு முன்னால் வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

 "எப்படிண்ணே சொல்றது? தெனமும் போன்ல அதைத்தான் கேட்டாங்க. மூச்சு வாங்குது, பேச முடியல, அப்பவும் வாந்தி நின்னுச்சாடின்னாங்க. நின்னுடுச்சும்மான்னேன். அந்தச் சந்தோஷத்தோட போவட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அம்மா மனசு நோகக் கூடாதென்று மகள் ஒன்றை மறைத்தாள். மகளுக்கு ஆகாதென்று அம்மா ஒன்றை மறைக்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒருத்தரிடம் ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன் தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்திருப்பாள். பாழாய்ப்போன பாசம். ஆனந்தவல்லி அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். 

"நீ பாத்திருக்கலாமே பாப்பா," என்றார் இளம்பரிதி. "நல்லாப் பாத்திருக்கலாம். நான் கெடுத்துட்டேன்."

உள்ளே போய் பென்டிரைவை எடுத்துவந்து பிரபுவிடம் நீட்டினார். "ஜாஹித், ஒங்க வீட்டுல பெரிய டிவி இருக்கா? அதுல இணைங்க. போன்ல வேணாம். அம்மா மொகம் சின்னதாத் தெரியும்."

ஜாஹித் அவசரமாக எழுந்தான். பிரபு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "ரெக்கார்டிங் ஓட்டவே பாதி இடம் போயிடும் சார். சிங்கப்பூர் டிவி நிக்குது, நம்ம பந்தல் டிவி வேற. அவங்களுக்குத் தெளிவா வராது."

"எல்லாத்தையும் நிறுத்து."

"நமக்கும் தெரியாது சார். சத்தம்தான் வரும்."

"நான் பாத்துட்டேன் பிரபு. எங்களுக்குப் படம் வேணாம். உள்ள எத்தன இடம் இருக்கோ எல்லாத்தையும் அவளுக்குக் குடு."

சிங்கப்பூர்ச் சோபா மறைந்தது. செம்மொழியின் முகம் மறைந்தது. பந்தல் டிவி முழுக்க இருட்டானது. அந்த இருட்டிலிருந்து அன்றைய சாவு வீட்டின் அழுகை கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம். துணியை விலக்குங்கப்பா என்று ஒரு குரல். அதற்குப் பிறகு மஸ்கட்டிலிருந்து ஒரு மூச்சு, உள்ளே இழுத்து வெளியே வராமல் நின்ற மூச்சு. நாங்கள் நாலு பேரும் ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தபடி நின்றோம்.

மக கோடி எங்கப்பா, இது யாரு கோடி என்று ரெக்கார்டிங்கில் யாரோ கேட்டார்கள். இந்தத் தடவையும் பதில் இல்லை.

"அண்ணே," என்றாள் செம்மொழி.

"சொல்லு பாப்பா."

"அம்மா மேல ஒரு பச்சைப் பொடவை போத்தியிருக்கே. நீ போத்துற. அது யாரு கோடி?"

 "ஒன்னோடதுதான். நாந்தான் எடுத்தாந்தேன். யாரு கோடின்னு அப்பக் கேட்டாங்க. ஒம்பேர வாயெடுத்துச் சொல்ல முடியல பாப்பா. அழுதுடுவேன்னு பேசாம இருந்துட்டேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். ரெக்கார்டிங்கின் அழுகை எது, அவள் அழுகை எது என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. வெகு நேரம் கழித்து, "நாளைக்குக் கருமாதிக்கு வந்துடறேண்ணே, இப்ப டாக்டர் போலாம்னுட்டாங்க," என்றாள்.

"வா. மாப்ளையையும் கூட்டிட்டு வா."

நமக்கும் படத்தைப் போடட்டுமா என்று பிரபு கையால் ஜாடை கேட்டான். இளம்பரிதி வேண்டாமென்று தலையாட்டினார். அவள் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் இருட்டுத் திரைக்கு முன்னால் அப்படியே நின்றிருந்தோம்.